லேசி லோடிங்குக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மா., உட்லண்ட்ஸ் – செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலை மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகளுக்கு இணையப்பக்கம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முழுக்கத் தமிழில். கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். பத்துப் பக்கம் முடிந்துவிட்டது, பதினோராம் பக்கத்தில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நடந்தது இதுதான். பிள்ளைகள் பொங்கல் விழாவுக்கு ஒரு பக்கம் செய்தார்கள். கைப்பேசியில் எடுத்த 60 படம், ஒவ்வொன்றும் 4 எம்பி, அப்படியே போட்டுவிட்டார்கள். மொத்தம் 240 எம்பி. உட்லண்ட்ஸில் ரயில் ஏறும்போது திறந்தேன். ஈசூன் வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பார்க்க வந்தது நிகழ்ச்சி நிரலை. அது வரவில்லை. விரலால் தள்ளிக் கீழே போனால், யாருக்கும் வேண்டாத ஒரு வடைத்தட்டுப் படம் பாதி வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து உங்களுக்குத் தெரியும். படத்தின் குறிச்சொல்லில் லோடிங் என்ற பண்புக்கு லேசி என்று மதிப்புக் கொடுத்தால் போதும், படம் திரையை நெருங்கும்போதுதான் உலாவி (பிரவுசர்) போய் எடுத்துவரும். இதைத் தமிழில் என்னவென்று எழுத? ‘சோம்பல் ஏற்றம்’ என்று எழுதினேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் பரவாயில்லை, புரிந்துகொள்ள வேண்டுமே.

கோ., தெம்பனிஸ் – புதன் அதிகாலை

அம்மா, தேடி அலைய வேண்டாம். மடியேற்றம்.

மடி என்றால் சோம்பல். திருக்குறளில் 61ஆம் அதிகாரத்துக்கே மடியின்மை என்றுதான் பெயர். ஆனால் சொல்லின் அழகு அதோடு நிற்கவில்லை. மடித்தல் என்றால் மடக்குதலும்தான். நாளிதழை மடித்துக் கடையில் வைத்தால் மேல்பாதி மட்டும் தெரியும், அதனால் முக்கியச் செய்தியை மடிப்புக்கு மேலே போடுவார்கள். இணையப்பக்கம் செய்கிறவர்களும் அந்தப் பேச்சையே எடுத்துக்கொண்டு, திரையில் முதலில் தெரிவதை மடிப்புக்கு மேல் என்கிறார்கள். ஆக, மடிப்புக்குக் கீழே கிடப்பதை மடியோடு ஏற்றுவது மடியேற்றம். ஒரே சொல்லில் இரண்டு பொருளும் உட்கார்ந்துவிட்டன. இப்படி ஒரு பொருத்தம் எந்த மொழிக்கு வாய்க்கும்?

செ., பொங்கோல் – புதன் மதியம்

ஐயா, ரசித்தேன். ஆனால் காலையில் என் மகளிடம் மடியேற்றம் என்றால் என்னவென்று கேட்டேன். “மடிக்கணினிக்கு சார்ஜ் போடுறதாப்பா?” என்றாள். மடிந்தான் என்றால் செத்தான் என்பது வேறு இருக்கிறது. ஏற்கெனவே பாதி செத்த பக்கத்துக்கு அந்தச் சொல் வேண்டாம்.

எனக்கு சோம்பல் என்ற பொருளே ஒட்டவில்லை. லேசி என்ற பெயர் வலைக்கு முந்தியது. ஒரு மதிப்பு தேவைப்படும்வரை கணக்கிடாமல் வைத்திருப்பதை நிரல்மொழிக்காரர்கள் 1976லேயே அப்படி அழைத்தார்கள். அங்கே பொருந்தியது. இங்கே உலாவி சோம்பிக் கிடக்கவில்லை, கண் வைத்துக்கொண்டே இருக்கிறது. குரோம் உலாவி 2019இல் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே தூரத்தைத் திருத்தினார்கள். 4ஜி வேகம் இருந்தால் படம் திரைக்கு 1,250 பிக்சல் தள்ளி இருக்கும்போதே எடுக்கப் போய்விடும். இணைப்பு மந்தமாக இருந்தால் 2,500 பிக்சல். மந்தமான இணைப்பில் இன்னும் சீக்கிரம் கிளம்புகிறது, கவனியுங்கள். இதைச் சோம்பேறி என்றால் நான் இரட்டைச் சோம்பேறி.

மா. அக்கா, சொல் கிடக்கட்டும், பதினோராம் பக்கத்தில் மூன்று விஷயம் சேர்த்துவிடுங்கள். முதலில் படத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். 4 எம்பி படத்தை 200 கேபிக்குக் கொண்டுவந்தால் 240 எம்பி 12 எம்பி ஆகிவிடும், பாதி வியாதி அங்கேயே தீர்ந்தது. இரண்டாவது, பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய படத்துக்கு லேசி போடவே கூடாது. உலாவி பக்கத்தின் தளவமைப்பைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுக்கப் போகும், வீணாகத் தாமதம். அந்தப் பெரிய உருப்படி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. மூன்றாவது, எல்லாப் படத்துக்கும் அகலம் உயரம் எழுதச் சொல்லுங்கள். உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிக்கிறோமே, அதேதான். இடம் பிடித்து வைக்காவிட்டால் படம் வந்து உட்காரும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதித்துவிடும்.

ஜ., ஜூரோங் – புதன் மாலை

மொழிபெயர்ப்புப் பிழைப்பில் இருக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அறிவிப்புப் பலகையில் நான்கு மொழியும் ஒரே அளவுப் பெட்டியில் அடங்க வேண்டும். தமிழ்தான் எப்போதும் வழிந்து வெளியே வரும். ஆகவே குட்டையான சொல் வேண்டும், படித்தவுடன் புரிய வேண்டும். தேவையேற்றம். தேவைப்படும்போது ஏற்றுவது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், அகராதி வேண்டாம்.

கோ., தெம்பனிஸ் – புதன் இரவு

> சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்

விளங்கும், தவறாக விளங்கும். தேவை ஏற்றம் என்றால் பொருளியல் வகுப்பில் ‘டிமாண்ட் கூடிவிட்டது’ என்று எழுதுவார்கள்.

மடி பிடிக்கவில்லை என்றால் தூங்கேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். பழந்தமிழில் தூங்குதல் கண்ணை மூடுவது மட்டும் இல்லை. தொங்குவது, தாழ்த்துவது, பொறுத்துச் செய்வது எல்லாம் அதில் உண்டு. ‘தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை.’ 672ஆம் குறள். தம்பி செ. சொன்ன முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் எதற்கு? வடைப் படத்துக்குத் தூங்குக, உச்சிப் படத்துக்குத் தூங்கற்க. பதினோராம் பக்கத்தில் இந்தக் குறளை மட்டும் அச்சிட்டாலே போதும்.

இன்னொன்று. தரவு என்று எல்லாரும் எழுதுகிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? தா என்பதுதான் வேர். லத்தீனிலும் டேட்டாவுக்குக் கொடுத்தல்தான் மூலம். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர், தாழிசை, தனிச்சொல், சுரிதகம் எல்லாம் அதன் பிறகு. ஆக, தரவு முதலில் வந்தால்தான் பக்கம் நடக்கும் என்று நம் யாப்பிலேயே இருக்கிறது. அப்புறம், பக்கத்தை வைத்திருந்து கொடுக்கும் கணினியான வழங்கியிடம் உலாவி கேட்கிறதே, எந்தச் சொல்லால் கேட்கும்? ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ஃபெட்ச் என்பதற்குக் கொணர்தல் என்று எழுதுகிறவர்கள் இதை முதலில் முடிவு செய்ய வேண்டாமா?

செ., பொங்கோல் – புதன் நள்ளிரவு

‘அப்படிப் பக்கம் இல்லை’ என்று 404 வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற உலாவி ‘ஈ’ என்றுதான் கேட்டிருக்கும், ஐயா.

கலிப்பா உவமை அழகு, ஆனால் எங்கள் வேலையில் அதுவே நோயும் ஆகும். தரவு வரட்டும் என்று தாழிசை காத்திருக்க, அது வரட்டும் என்று தனிச்சொல் காத்திருக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வந்தால் அருவி மாதிரிப் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு போய்வரவுக்கும் 300 மில்லிவினாடி என்று வைத்தால் நாலு படிக்கு 1.2 வினாடி வெறும் காத்திருப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலையும் சேர்த்துக் கேட்டால் 300இலேயே முடியும். பரோட்டாக் கடையில் பரோட்டா வந்து சாப்பிட்டு முடித்த பிறகா தே ஓ (பாலில்லாத தேநீர்) சொல்கிறோம்?

அக்காவின் வடைக் கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். அதன் பழைய 1.1 வழியில் உலாவி ஒரு வழங்கிக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புதான் திறக்கும். 60 படம் முன்னால் நின்றால் நிகழ்ச்சி நிரலின் தரவுக்கு வரிசையில் இடம் கிடைப்பதே பாடு. 2015இல் வந்த எச்டிடிபி 2 ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் விடும், ஆனால் குழாயின் அகலம் அதேதான்.

வ., செங்காங் – வியாழன் காலை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மடி, தூங்கு, தேவை என்று முன்பாதிக்கே எல்லாரும் அடித்துக்கொள்கிறீர்கள். ‘ஏற்றம்’ சரியா என்று யாராவது கேட்டீர்களா? பதிவேற்றம் என்றால் நாம் மேலே அனுப்புவது, பதிவிறக்கம் என்றால் கீழே வாங்குவது. வழங்கியிலிருந்து நம் கைப்பேசிக்குப் படம் வருவது இறக்கம். இதற்கு எப்படி ஏற்றம் என்று பெயர்? கப்பலில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒன்று என்று இந்தத் துறைமுக ஊரில் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றில் ஏற்றம் இறைப்பார்கள். வயலுக்கு வேண்டியபோது வேண்டிய அளவு தண்ணீர். என் தாத்தா ஏற்றப்பாட்டுப் பாடி எண்ணிக்கொண்டே இறைப்பார். அந்த ஏற்றம் என்றால் எனக்குச் சம்மதம். அப்படிப் பார்த்தால் வெறும் ஏற்றம் என்று சொன்னாலே போதும், தேவை எதற்கு?

ஜ., ஜூரோங் – வியாழன் காலை

வ. அண்ணே, இந்தப் பிள்ளைகள் கிணற்றையே பார்த்ததில்லை. லோடிங்குக்கு ஏற்றம் என்று பத்துப் பக்கம் எழுதியாகிவிட்டது, இப்போது அதைப் பிடுங்கினால் கையேடு பொங்கலுக்குத்தான் வரும்.

இணையம் என்ற சொல்லை நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கினார் என்பார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் புழக்கம். மூன்றெழுத்தில் ஒரு பகுதியும் ஒரு விகுதியும் போல எளிமை, யாரும் பதவுரை கேட்டதில்லை. அந்த அளவுக்கு வராவிட்டாலும் அந்தத் திசையிலாவது போவோம். சேமிப்பு, தேடல் மாதிரி.

செ., பொங்கோல் – வியாழன் மதியம்

அக்கா, இணையம் நாலெழுத்து.

நான் தேவையேற்றத்துக்குக் கை தூக்குகிறேன். காதல் ஒன்றும் இல்லை, அலுவலகத்தில் இரண்டு மணிக்குக் கூட்டம் இருக்கிறது. முன்கூட்டியே எடுத்து வைப்பதற்கு மட்டும் யாரும் ‘முன்னேற்றம்’ என்று எழுதிவிடாதீர்கள். “இந்தப் பக்கத்தில் முன்னேற்றம் இல்லை” என்று நான் பிழை அறிக்கை எழுத வேண்டிவரும். முன்கொணர்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

மா., உட்லண்ட்ஸ் – ஞாயிறு காலை

எல்லாருக்கும் நன்றி. வெள்ளி மாலை நாலரை வரை பார்த்தேன். தேவையேற்றத்துக்கு நான்கு பேர், மடியேற்றத்துக்கு ஐயாவும் அவருடைய நண்பர் ஒருவரும், வ. அண்ணன் எதிலும் இல்லை. தேவையேற்றம் என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் லேசி லோடிங் என்றும் ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறேன், நிரலில் அந்தச் சொல்லைத்தானே தட்டச்சு செய்யப் போகிறார்கள். 672ஆம் குறளையும் பக்கத்தின் அடியில் போட்டேன், ஐயா.

நேற்று வகுப்பு. படத்தையெல்லாம் சிறிதாக்கி, உச்சிப் படத்தை விட்டுவிட்டு மற்ற 59க்கும் சேர்த்தார்கள். என் கைப்பேசியில் நிகழ்ச்சி நிரல் உடனே வந்துவிட்டது. வடைத்தட்டு நான் கீழே போனபோது முழுசாக வந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் கையேட்டைப் பார்த்துத் தேவையேற்றம் என்று உரக்கப் படித்தான். ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்துப் பையனிடம், “டேய், அதுக்கு லேசி போட்டியா?” என்று கேட்டான்.

கோ., தெம்பனிஸ் – ஞாயிறு மாலை

அம்மா, குறளுக்கு நன்றி. அந்தப் பையனிடம் மடி என்று ஒரு சொல் இருப்பதையாவது அடுத்த வாரம் சொல்லிவையுங்கள். லேசி போட்டியா என்பதற்கு மடி போட்டியா என்பது எழுத்தில் சமம், ஓசையில் குறைவு.

ஈ, தா, கொடு பற்றி யாரும் பதில் எழுதவில்லை. தனி இழையாகத் தொடங்குகிறேன். கையேட்டில் ஒரு படி எனக்கு எடுத்துவையுங்கள், பதினோராம் பக்கத்தை நான் பென்சிலால் திருத்திக்கொள்கிறேன்.