மூன்றாம் படியில் தண்ணீர்

நம் ஊர்ச் சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் செயலாளர் அண்ணன் போட்ட மடலைப் படித்தேன். சேர்ந்திருக்கும் பணத்தில் ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டலாம், மிச்சத்தில் ஏரி உள்வாயில் ஆழமாக ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுத் தொட்டி வைக்கலாம் என்று எழுதியிருந்தார். சிங்கப்பூர்க்காரர்கள் சரி என்றுவிட்டார்கள், பிரான்சில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. நான் பதில் போடவில்லை என்று இரண்டு பேர் போனில் கேட்டுவிட்டார்கள். இதுதான் என் பதில், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த போர் வேண்டாம். ஏன் என்பதை எங்கள் வீட்டுக் கதையை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் கொல்லைமேட்டில் அப்பா போர் போட்டபோது 90 அடியிலேயே நல்ல தண்ணீர். நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் (வேர்க்கடலை) தவிர வேறு எதற்கும் அவர் அந்த மோட்டாரைப் போட்டதில்லை. அவர் படுக்கையில் விழுந்த வருஷம் டேங்கர் லாரிக்காரர் ஒருவர் வந்து கேட்டார். தம்பி எனக்கு போன் போட்டான். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், சரி என்றேன், அவ்வளவுதான் யோசித்தது. ஆஸ்பத்திரிச் செலவு இருந்தது உண்மைதான். ஆனால் முதல் மூன்று மாதத்திலேயே அந்தக் கடன் அடைந்துவிட்டது, அதற்கு அப்புறமும் ஒன்றரை வருஷம் விற்றோம். மாடி எடுத்தோம். பழைய போர் இழுக்கவில்லை என்று 320 அடிக்குப் புதிதாக ஒன்று இறக்கினோம். லோடுக்கு 12,000 லிட்டர், நாளைக்கு எட்டு லோடு, தினமும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் 19 வருஷமாக ஆபரேட்டர். பொதுவாகக் கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, இங்கே 40-க்கும் மேலே. அதை 60 பார் அழுத்தத்தில் மெம்பரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளினால்தான் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் வரும். ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும், அப்படியென்றால் எங்கள் கொல்லையில் நின்ற ஒரு லாரிக்கு ஈடான தண்ணீரை இங்கே எடுக்க ஏறக்குறைய 40 யூனிட் வேண்டும். தண்ணீரின் விலை தெரிந்தவன் நான். தெரிந்தும் விற்றேன்.

அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது எதிர்வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கிண்ணத்தில் துவரம்பருப்பு. ஒன்றை எடுத்து என் விரலில் வைத்து, அமுக்கிப் பாரு தம்பி என்றார்கள். தோல் மட்டும் கழன்றது, உள்ளே கல் மாதிரி முழுசாக இருந்தது. "மூணு மணி நேரமா அடுப்புல கிடக்குது. உங்க மோட்டாரு ஓட ஆரம்பிச்சதிலேர்ந்து எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேகல." அவ்வளவுதான் சொன்னார்கள், கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். என் பையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது, அவர்கள் கிணற்றில் விட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 2,340 மில்லிகிராம் காட்டியது. குடிக்கிற தண்ணீரில் 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம்.

இது ஏதோ சாபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாபம் இல்லை. கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, கனம் குறைவு என்பதால். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், அது கீழே 40 மீட்டர் வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்று எங்கள் ஆலைப் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். மேலே ஒரு மீட்டர் உறிஞ்சி எடுத்தால் கீழே எத்தனை மீட்டர் உப்பு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரைக்கும் கரையோரக் கிணறுகள் கரிப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். உப்பு மெதுவாக வரும், மெதுவாகத்தான் போகும். விற்பனையை நிறுத்தி இத்தனை வருஷமாகியும் அத்தை வீட்டுக் கிணறு பழைய ருசிக்கு வரவில்லை.

அந்த லீவு முடிந்து திரும்பிய பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் அந்தப் பருப்பு விரலில் நிற்கும். அப்படி இருந்த நாளில்தான் ஏரியைக் காத்து மடை திறந்துவிடுகிற நம் நீர்க்கட்டி தாத்தா வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பேரன் பழைய போனைக் கொடுத்திருக்கிறான். "தம்பி, மூணாம் படி." அவ்வளவுதான் செய்தி. மதகுப் படிக்கட்டைக் கீழிருந்து எண்ணினால் ஏழு படி என்பது ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏழாவது மூழ்கினால் கலங்கல், அதாவது ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம், வழியும். இரண்டாவதுக்குக் கீழே இறங்கிவிட்டால் எவன் கேட்டாலும் மடை திறக்கக் கூடாது, அது மாட்டுக்கும் மீனுக்கும் விட்டுவைக்கிற தண்ணீர்.

மூன்று சொல்தான் பேசினார், ஆனால் மெசேஜ் 41 விநாடி ஓடியது. பேசி முடித்ததும் போனை நிறுத்தத் தெரியவில்லை. மீதி நேரம் முழுக்க ஏரி. அலை மதகுச் சுவரில் மோதுகிற சத்தம், தூரத்தில் ஒரு டிராக்டர், நாமக்கோழி, யாரோ துணி அடித்துத் துவைக்கிறார்கள். நான் அதை ஒன்பது தடவை கேட்டேன். அன்றைக்குத் தூங்கினேன்.

மறுநாளும் அனுப்பினார். அதிலிருந்து தினமும் வருகிறது. ஆலையில் மணிக்கு ஒருமுறை அழுத்தம், உப்பளவு எல்லாம் நோட்டில் எழுதிப் பழகியவன் என்பதால் தாத்தா சொல்கிற படியையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அதில் மூன்று வரி.

மதகுக் கல்லில்
நேற்றைய ஈரக்கோடு
அதன் கீழே ஓர் எறும்பு

ஹைக்கூ என்றெல்லாம் நினைத்து எழுதவில்லை, அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஜப்பானில் 17 அசைக்குள் எழுதுவார்கள், பருவத்தைக் காட்டுகிற ஒரு சொல் இருக்க வேண்டும், குளமும் தவளையுமாக பாஷோ என்ற கவிஞர் எழுதியது 1686-ல். இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1916-ல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார், தமிழுக்கு இந்தக் குட்டிக் கவிதையை முதலில் அறிமுகம் செய்த கட்டுரை என்று அதைச் சொல்வார்கள். அப்போது அவர் இருந்தது புதுச்சேரியில், நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில். எனக்கு அது தெரிந்த அன்று என்னவோ சொந்தக்காரர் வீட்டு விலாசம் கிடைத்த மாதிரி இருந்தது.

அசை எண்ணி எழுத எனக்கு வராது. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான், யாரையும் திட்டக் கூடாது. கோபம் வந்தால் அது மூன்று வரியில் அடங்காது, நாலாவது வரிக்கு ஓடும், அப்போது பேனாவை மூடிவிடுவேன். இப்படித் தினமும் எழுதி ஆறு நோட்டு ஆகிவிட்டது. இரண்டு மட்டும் தருகிறேன்.

வற்றிய ஏரி
பையன்கள் பந்து தேடும் இடத்தில்
நத்தை ஓடு

கலங்கல் தாண்டும் வெள்ளம்
எதிர்த்து ஏறுகிறது
ஒரு கெண்டை

இரண்டாவது, 2024 டிசம்பரில் எழுதியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி பாகூர்ப் பக்கம் ஊர் ஊராக மூழ்கியது. எங்கள் வீட்டில் இடுப்பளவு. அந்தத் தண்ணீர் எல்லாம் நாலைந்து நாளில் கடலுக்குப் போய்விட்டது. அடுத்த சித்திரையில் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை. நமக்கு மழை குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது, நடுவில் மூன்று இடத்தில் மனை போட்டிருக்கிறது. அந்த மனைகளில் இரண்டு இந்தக் குழுவில் இருப்பவர்களுடையது. யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும். நான் கொல்லையில் செய்ததைவிட அது பெரிய தப்பில்லை.

ஆயி மண்டபத்தைப் பார்க்காதவர்கள் இந்தக் குழுவில் இருக்க மாட்டீர்கள். புதுச்சேரி அரசு முத்திரையில் இருப்பதே அதுதான். கதையும் தெரிந்திருக்கும், இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லுங்கள். விளக்கொளியில் ஜொலித்த ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டார், தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். அவள் அவகாசம் கேட்டு, தானே இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினாள். முத்திரையர்பாளையத்து அந்தத் தண்ணீரைத்தான் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள், அந்தப் பெண்ணின் பெயரில் மண்டபம் எழுந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில். எனக்கு இந்தக் கதையில் மனசில் தைப்பது ஓர் இடம்தான். ராஜா இடிக்கத்தான் சொன்னார். குளம் வெட்டச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்கும் இப்படி ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வளைவு வேண்டாம், போரும் வேண்டாம். ஏரி உள்வாயில் 400 அடிக்கு ஒரு போர் போட்டால் முதல் இரண்டு வருஷம் பிரமாதமாகத் தண்ணீர் வரும், எல்லோரும் சங்கத்தைப் பாராட்டுவார்கள், அதற்கப்புறம் அத்தை வீட்டுக் கிணறு மாதிரி இன்னும் பத்துக் கிணறு கரிக்கும். அந்தப் பணத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்து வாய்க்காலைத் தூர்வாரலாம். கொம்யூன் பஞ்சாயத்திலும் பொதுப்பணித்துறையிலும் அனுமதி வாங்க வேண்டும், அலைய வேண்டியிருக்கும், ஊரில் இருக்கிற என் தம்பி அலைவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். மதகில் அளவுகல் ஒன்று புதிதாக நட வேண்டும், தாத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, கடைசி இரண்டு படியும் உடைந்துபோய்விட்டது.

அப்புறம் தாத்தாவைப் பற்றி. முன்பெல்லாம் அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நீர்க்கட்டிக்கு மரக்கால் கணக்கில் நெல் அளந்துவிடுவார்கள். ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டில் பாதி மனையாகி, மீதிப்பேர் போருக்கு மாறிய பிறகு யாரும் அளப்பதில்லை. அவர் மகன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இவர் மட்டும் 70 வயதுக்கு மேலேயும் விடிகாலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி வருகிறார், எங்கே நண்டு வளை தோண்டியிருக்கிறது, எங்கே கசிகிறது என்று பார்த்து மண் அடைக்கிறார், காசு கொடுக்க ஆள் இல்லாமலே. புயல் ராத்திரியில் கலங்கல் பலகையை எடுத்துவிட்டதும் அவர்தான், இல்லையென்றால் கரை உடைந்திருக்கும். மாதா மாதம் சங்கத்திலிருந்து அவருக்குச் சம்பளம் போக வேண்டும், உதவித்தொகை என்று எழுதாதீர்கள், சம்பளம் என்று எழுதுங்கள். கூட ஒரு இளவட்டத்தை வைத்து வேலை பழக்கவும் வேண்டும், மடை முறை எல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது, எந்தக் காகிதத்திலும் இல்லை.

லாரித் தண்ணீரில் வந்த பணத்தில் எவ்வளவு மாடிக்குப் போனது என்று தம்பியும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தத் தொகையை இரண்டு தவணையாகச் சங்கத்தில் கட்டுகிறோம். வாய்க்காலில் மனை வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாகப் பேசினாலும் சரி, செயலாளர் அண்ணனிடம் பேசினாலும் சரி, அளந்து விட்டுக்கொடுத்தால் வாய்க்காலுக்குத் தேவையான அகலம் கிடைத்துவிடும், மனை முழுசாகப் போகாது.

இன்று காலை வந்த மெசேஜ்: "ஒண்ணுல நிக்குது தம்பி. மேக்கால மின்னுது." 38 விநாடி.

பேசி முடித்தும்
அணைக்காத போனில்
ஒரு தவளை

செயலாளர் அண்ணன், வங்கிக் கணக்கு விவரத்தைக் குழுவில் திரும்ப ஒருமுறை போடுங்கள். முதல் தவணை இந்த வாரமே அனுப்புகிறேன்.