மாமியாரின் மூலிகை டீ: அதிமதுரத்துக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் உண்டா?

மாடித்தோட்டம்:
மாமியாருக்கு 64 வயது. பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். போன மாதம் பால் டீயை விட்டுவிட்டு, நாட்டு மருந்துக்கடையில் ஆவாரம்பூ, அதிமதுரம், சுக்கு, பட்டை எல்லாம் வாங்கி மிக்ஸியில் அரைத்து, காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் குவித்துப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். சர்க்கரை சேர்க்கக் கூடாதே, அதனால் இனிப்புக்காக அதிமதுரத்தைத்தான் தாராளமாகப் போட்டிருக்கிறார். இப்போது பிரஷர் 160-க்குக் கீழே இறங்குவதில்லை, கணுக்கால் வீக்கம், மாடி ஏறினால் கால் ஓய்ந்துபோகிறது என்கிறார். டீயைச் சொன்னால் "மூலிகை என்ன செய்யும், போம்மா" என்று என்னைத்தான் அதட்டுகிறார். சம்பந்தம் இருக்குமா?

நெல்லைச்சீமை:
எங்கள் ஆச்சி 90 வயது வரை சுக்குத் தண்ணீர்தான் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று சும்மாவா சொன்னார்கள்? மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள், வீக்கம் அதனால்கூட இருக்கலாம்.

மாத்திரைப்பெட்டி:
மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்த வேண்டியது அதிமதுரத்தை. நான் மருந்தாளுநர். அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். அது சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் ஒரு நொதியைத் தடுத்துவிடும், உடனே உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர், வீக்கம், தசைச் சோர்வு மூன்றுமே அதில் வரலாம். உங்கள் மாமியார் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் பொட்டாசியத்தைக் குறைக்கிற மருந்துதான், ஆக இரண்டும் சேர்ந்து அதை இறக்குகிறது. ஐரோப்பிய நிபுணர் குழு 2003-இல் கிளிசிரைசின் நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. வேரில் அது நூற்றுக்குச் சில பங்கு இருப்பதால், இரண்டு மூன்று கிராம் பொடியே அந்த அளவுக்குப் போய்விடும். நெஞ்சு படபடப்போ கை கால் தளர்ச்சியோ இருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லாவிட்டாலும் இரண்டொரு நாளில் டாக்டரிடம் காட்டி, பொடியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கால் வீக்கம் இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணத்தாலும் வரும். பொடியை விட்ட மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது, இரண்டு வாரம்கூட ஆகலாம்.

ஆச்சி கதைக்கு: அவர் குடித்தது சுக்கு, இது அதிமதுரம். ஆச்சி இந்த மாத்திரைகளையும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

மாடித்தோட்டம்:
நன்றி, டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். ஆவாரம்பூவை மட்டும் தனியாகக் கொடுக்கலாமா? ஏதாவது குடித்தே ஆக வேண்டும் என்கிறார்.

வேர்க்கொடி:
டாக்டர் சரி என்ற பிறகு கொடுங்கள். கிளிமிபிரைடு தனியாகவே சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஆவாரம்பூவும் கூட இறக்கினால் வியர்வை, கை நடுக்கம், மயக்கம் வரை போகும், அதனால் வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். அப்புறம், கடையில் வாங்கும்போது ஆவாரையும் நிலாவாரையும் மாறிவிடாமல் பாருங்கள். நிலாவாரை இலை பேதிக்குக் கொடுப்பது, நம் திருநெல்வேலிப் பக்கம் விளைந்து ஏற்றுமதியாகிறது. "எடை குறைக்கும் டீ" பாக்கெட்டுகள் பலவற்றில் அதுதான் இருக்கும், தினமும் குடித்தால் அதுவும் பொட்டாசியத்தைக் கரைக்கும். பட்டையும் தினமும் வேண்டாம். கடைகளில் அதிகம் கிடைக்கும் கெட்டியான பட்டை காசியா, அதில் ஈரலுக்கு ஆகாத கூமரின் கூடுதல். தாள்போல மெல்லிய அடுக்காகச் சுருண்டிருந்தால் சிலோன் பட்டை.

செய்முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். பூவும் இலையும் அப்படி வேகக் கூடாது, அடுப்பை அணைத்து, கொதித்த தண்ணீரில் போட்டு மூடி ஐந்து நிமிடம் வைத்தால் போதும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் துளசியின் வாசனை ஆவியோடு போய்விடும். வேரையும் பட்டையையும்தான் கொதிக்கவைத்துக் காய்ச்ச வேண்டும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் நல்லது. மாலைக்கு வேண்டுமென்றால் மாலையில் புதிதாகப் போடுங்கள், காலையில் போட்டதை ஃபிளாஸ்கில் வைத்துக் குடிக்க வேண்டாம்.

எதைப் போட்டாலும் ஒரு நேரத்துக்கு ஒரே பொருள். நான்கைந்தைச் சேர்த்து அரைத்துவிட்டால், ஏதாவது ஆகும்போது எதனால் என்று டாக்டருக்கும் தெரியாது.

நெல்லைச்சீமை:
அதிமதுரம் இவ்வளவு செய்யும் என்று தெரியாது. தொண்டை கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது?

மாத்திரைப்பெட்டி:
பிரஷர், இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் இரண்டொரு நாள் சின்னத் துண்டு அடக்கினால் பரவாயில்லை. கர்ப்பிணிகள் அதையும் தவிர்க்க வேண்டும்.