நாய்க்கு வரும் மார்புக்கட்டியும் நமக்கு வருவதும் ஒன்றுதானா?

செம்பியம்மா கேட்டது:

எங்கள் நாய் செம்பிக்கு 9 வயது. போன வாரம் வயிற்றைத் தடவிக்கொடுக்கும்போது கடைசி முலைக்காம்புக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அமுக்கினால் அவளுக்கு வலிக்கவில்லை, சாப்பாடு ஓட்டமெல்லாம் எப்போதும் போலத்தான். மருத்துவரிடம் காட்டினோம். மார்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அறுவை செய்துவிடலாம், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது எந்த வகை என்று தெரியும் என்றார். அப்புறம், அந்தக் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா, பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள உதவும் என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என் அம்மா மார்பகப் புற்றுநோயில்தான் போனார். அதனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. உண்மையிலேயே இரண்டும் ஒரே நோயா? வீட்டில் இன்னொரு நாயும் சின்னக் குழந்தையும் இருக்கிறார்கள், நாய்களுக்குத் தொற்றும் புற்றுநோய் என்று ஒன்று உண்டாமே, இது அதுவாக இருக்குமோ? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செம்பிக்குக் கருத்தடை அறுவை செய்யவில்லை, சின்ன வயதில் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வராமல் இருக்க இரண்டு மூன்று வருடம் ஊசி போட்டோம். அதனால்தான் வந்ததா என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்:

அம்மா, முதலில் செம்பியைப் பற்றி. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மிக அதிகமாக வரும் கட்டி இதுதான், பெரும்பாலும் பின்பக்கத்து இரண்டு ஜோடி முலைகளில் வரும். ஏறக்குறைய பாதிதான் புற்றுநோயாக இருக்கும், மீதி சாதாரணக் கட்டி. 3 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், புற்றுநோயாகவே இருந்தாலும் நல்ல பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் கோலிக்குண்டு அளவில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த எக்ஸ்ரே.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வகை ஹார்மோன் ஊசிகள் நாய்களுக்கு மார்புக்கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஊசியே போடாமல், கருத்தடையும் செய்யாமல் வளர்ந்த நாய்களுக்கும் இதே வயதில் இதே கட்டி வருகிறது, செம்பிக்கு வந்தது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இளம் நாய் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: 1969-இல் வந்த ஓர் ஆய்வில், கருத்தடை செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு 0.5தான், ஒரு ஹீட்டுக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26 என்று வந்தது. எல்லாரும் இன்றும் இந்த எண்களைத்தான் சொல்கிறோம், ஆனால் 2012-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியவர்கள் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்றார்கள். சீக்கிரம் செய்தால் நல்லது என்ற திசையை நான் நம்புகிறேன், எண்களை அவ்வளவு நம்புவதில்லை.

அதே ஊசிக்கு மனித மருத்துவத்திலும் ஒரு கதை இருக்கிறது. பெண்களுக்கான டெப்போ புரோவேரா என்ற கருத்தடை ஊசியும் இந்த மருந்துக் குடும்பம்தான். அதை பீகிள் நாய்களுக்குப் போட்டுப் பார்த்தபோது அவற்றுக்கு மார்புக்கட்டிகள் வந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1978-இல் அனுமதி மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம், 1992-இல்தான் அனுமதி கிடைத்தது. இடையில் தெரிந்தது என்னவென்றால், இந்த ஹார்மோன் பட்டதும் நாயின் பால்சுரப்பி தானாகவே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது, ரத்தத்திலேயே அளவு ஏறும் அளவுக்கு. பெண்களுக்கு அப்படி நடப்பதில்லை, பெண்களிடமே நடத்திய ஆய்வுகளிலும் நாய்களில் பார்த்த மாதிரி ஆபத்து தெரியவில்லை. ஆனால் நாயில் பார்த்ததால்தான் மனித மார்பகத் திசுவிலும் தேடினார்கள், அங்கேயும் கொஞ்சமாக வளர்ச்சி ஹார்மோன் உருவாவதை 1995-இல் கண்டார்கள். ஒன்றா என்று கேட்டால் என் பதில் இதுதான்: நெருங்கிய சொந்தம், ஆனால் ஒரே ஆள் இல்லை.

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவரின் பதில்:

தொற்றும் கட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். அது வேறு நோய், செம்பியுடையது அது இல்லை. அந்தக் கட்டி பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும், சில சமயம் மூக்கிலோ வாயிலோ வரும். இனச்சேர்க்கையின்போதும், நக்கும்போதும் மோப்பம் பிடிக்கும்போதும் ஒட்டிக்கொள்ளும். மனிதர்களுக்கு வராது, குழந்தையைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

ஆனால் அதைப் பற்றிப் படித்த நாள் முதல் எனக்கு வியப்பு தீரவில்லை. வைரஸ் எதுவும் பரப்பவில்லை, புற்றுநோய் உயிரணுவே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் அங்கே குடியேறி வளர்கிறது. 1876-இலேயே நொவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டித் துண்டை இன்னொரு நாய்க்குள் வைத்து வளரச் செய்து காட்டினார். 2006-இல் மரபணுச் சோதனையில், வெவ்வேறு நாடுகளில் எடுத்த கட்டிகள் அந்தந்த நாயோடு பொருந்தாமல் ஒன்றோடொன்று பொருந்தின. 2019-இல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 4,000 முதல் 8,500 வருடங்களுக்கு முன் ஆசியாவில் எங்கோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் புற்றுநோய் அது, அந்த நாய் செத்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகியும் அதன் உயிரணு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்தவர் உடம்பு உயிரணுவை நம் உடம்பு ஏற்காது, அதனால்தான் உறுப்பு மாற்றுக்கு அவ்வளவு மருந்து. இந்தக் கட்டியோ தன்னை அடையாளம் காட்டும் புரதங்களை முதலில் அடக்கி வைத்து ஒளிந்துகொள்கிறது. பிறகு சில நாய்களின் எதிர்ப்புசக்தி அதைக் கண்டுபிடித்துத் தானாகவே கரைத்தும் விடுகிறது. எப்படி ஒளிகிறது, எப்படிப் பிடிபடுகிறது என்ற இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய மனிதப் புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் நிற்கின்றன. நாய்களின் இந்தத் தொற்றும் கட்டிக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் மருந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போடுவதும் அதேதான். வாரம் ஒன்று என்று சில ஊசிகளிலேயே பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகிவிடும்.

இன்னொரு உறுப்பினரின் பதில்:

நான் மருத்துவம் படித்தவன் இல்லை, ஆனால் என் அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்த பிறகு நிறைய வாசித்தேன். வயதானால் தானாகவே புராஸ்டேட் புற்றுநோய் வரும் உயிரினங்கள் மிகக் குறைவு, மனிதனும் நாயும்தான் முக்கியம். சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்பவர் நாய்களின் புராஸ்டேட்டை ஆராய்ந்து அது ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது என்று கண்டார், 1941-இல் மனித நோயாளிகளிடம் அந்த ஹார்மோனைக் குறைத்துப் பார்த்தார், 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பா இன்று போட்டுக்கொள்ளும் ஹார்மோன் தடுப்பு ஊசியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நாயில் இன்னொரு பக்கமும் உண்டு. அதற்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹார்மோனை நம்பியிருப்பதில்லை, விரை நீக்கிய நாய்களுக்கும் வருகிறது, சொல்லப்போனால் அதிகமாகவே வருகிறது. மனிதர்களில் ஹார்மோன் சிகிச்சை பலிக்காமல் போகும் கட்டம் ஒன்று உண்டே, அப்பாவும் அந்தக் கட்டத்துக்குப் போகக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதைப் படிக்க நாயின் நோய் நெருக்கமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், துண்டைக் கொடுங்கள். எப்படியும் எடுக்கப்போகிற கட்டிதானே.

செம்பியம்மா:

எல்லாருக்கும் நன்றி, நேற்றுதான் தூங்கினேன். டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். ஆராய்ச்சிக்குத் துண்டு கொடுப்பதால் செம்பிக்குக் கூடுதலாக வெட்டுவார்களா, அவளுடைய பரிசோதனைக்குக் குறைந்துபோகுமா?

கால்நடை மருத்துவர்:

கூடுதலாக வெட்டக் கூடாது, வெட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியம், வெட்டியெடுத்ததன் ஓரங்கள் புற்றுநோய் உயிரணு இல்லாமல் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் செம்பியின் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும். கட்டி சின்னது வேறு. அதனால் நோயறி நிபுணருக்குத் தேவையானது போக மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அறுவைக்கு முன்னால் ஒருமுறை பத்து முலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள், ஒரு நாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கட்டி இருப்பது சகஜம், அரிசி அளவில் இருந்தால் எங்கள் கைக்கும் தப்பிவிடும்.

செம்பியம்மா:

பார்த்தேன் டாக்டர். இடது பக்கம் மூன்றாவதில் இன்னொன்று இருக்கிறது, மிளகு அளவு. இப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், இரண்டையும் சேர்த்தே எடுப்பார்களாம். படிவத்திலும் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை அறுவை. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.