ரங்கூனுக்கு அனுப்பும் பயாப்சி படங்கள்: 40 எக்ஸ் (40 மடங்கு) லென்ஸில் மங்கல், நிறமும் ஒத்துவரவில்லை

மோல்மேன் லேப்:
வணக்கம். இங்கே பர்மாவின் மோல்மேனில் ஸ்லைடு ஸ்கேனர் கிடையாது. மைக்ரோஸ்கோப்பின் மூன்றாவது குழாயில் 5 மெகாபிக்சல் கேமரா மாட்டி, எச்-ஈ (ஹெமடாக்ஸிலின்-ஈயோசின்) சாயமிட்ட திசு ஸ்லைடுகளைப் படமெடுத்து, ரங்கூனில் இருக்கும் நோயியல் மருத்துவர்களுக்கு அனுப்புகிறோம். 10 எக்ஸ் நன்றாக வருகிறது. 40 எக்ஸ் பாலாடை போர்த்தின மாதிரி. அதே ஸ்லைடு காலையில் ஒரு நிறம், கரண்ட் இறங்கிய நேரத்தில் வேறு நிறம். பெரிய கேமரா வாங்கலாமா?

கண்ணாடித் துண்டு:
கேமராவில் காசைப் போடாதீர்கள் தம்பி. 40 எக்ஸ், 0.65 என்.ஏ. (ஒளியை வாங்கும் அளவு) லென்ஸ் பிரித்துக் காட்டுவதே சுமார் அரை மைக்ரான்தான். உங்கள் கேமரா அதற்குப் போதும்.

40-இல் மட்டும் மங்கல் என்றால் முதல் சந்தேகம் எண்ணெய். 100 எக்ஸுக்கு எண்ணெய் விட்ட ஸ்லைடின் மேல் யாராவது 40-ஐத் திருப்பியிருப்பார்கள். ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே பூதக்கண்ணாடி; அதன் வழியே லென்ஸின் முகத்தைப் பாருங்கள். லென்ஸ் பேப்பரால் துடைக்கலாம், பஞ்சும் துணியும் வேண்டாம். அடுத்தது கவர்ஸ்லிப், அதாவது திசுவை மூடும் மெல்லிய கண்ணாடி. அந்த லென்ஸ் 0.17 மி.மீ. கண்ணாடிக்கென்று செய்தது. அதை ஒட்டும் பசையான டிபிஎக்ஸைத் தாராளமாக விட்டால் கண்ணாடி தடித்ததற்குச் சமம், படம் வெளுக்கும்.

நிறம் மாறுவதற்கு ஹாலஜன் பல்புதான் காரணம். வோல்டேஜ் இறங்கினால் மஞ்சளடிக்கும். ஸ்டெபிலைசர் வையுங்கள், பல்புத் திருகை ஒரே இடத்தில் விடுங்கள், வெளிச்சத்தை எக்ஸ்போஷர் நேரத்தால் கூட்டிக் குறையுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டு, திசு இல்லாத வெற்றுக் கண்ணாடியில் ஒவ்வொரு முறையும் கையால் சரிசெய்யுங்கள்.

நோயியல் மேசை:
அண்ணன் சொன்னது படத் தெளிவு வரை சரி. ஆனால் தப்பான ரிப்போர்ட் பெரும்பாலும் மங்கலால் வருவதில்லை, எடுக்காமல் விட்ட இடத்தால் வருகிறது. வீங்கிய இடத்தை மட்டும் 40-இல் எடுத்து அனுப்பினால், ஓரத்தில் இருக்கும் கட்டி எங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் 4 எக்ஸில் திசு முழுவதையும் வரிசையாக எடுங்கள். பக்கத்துப் படங்கள் கால்பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழட்டும், அப்போதுதான் மென்பொருள் ஒட்டும். அந்த வரைபடத்தில் எண் போட்டு, அதே எண்ணில் 10, 40 படங்கள். எங்கே இன்னும் வேண்டும் என்பதைப் பார்ப்பவர் கேட்கட்டும். தேர்வு உங்களுடையதாக இருக்கக் கூடாது. முழு ஸ்லைடையும் 40-இல் எடுக்க ஆசைப்பட வேண்டாம்: 15 மி.மீ. சதுரத் திசு, பிக்சலுக்கு 0.25 மைக்ரான் என்றால் 360 கோடி பிக்சல், சுருக்காமல் 10 ஜிபிக்கு மேல். நம் இணைய லைனுக்குக் கட்டுப்படியாகாது.

வைபர் செயலியில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஃபைலாக இணையுங்கள். வயது, எடுத்த இடம், எத்தனை துண்டு, எத்தனை மி.மீ. எல்லாம் எழுதுங்கள். லேபிளில் பெயர் தெரியக் கூடாது, எண் போதும்.

மோல்மேன் லேப்:
40-இல் எண்ணெய்தான் ஐயா! துடைத்ததும் தெளிந்துவிட்டது. காசநோய்க் கிருமியையும் படத்திலேயே பார்த்துவிடலாமா?

நோயியல் மேசை:
வேண்டாம். பல சமயம் கிருமி ஒன்றிரண்டே இருக்கும், அதைத் தேடிப் படமெடுப்பவர் நீங்கள். ‘இல்லை’ என்று நான் எப்படி எழுதுவேன்? கிடைத்தால் 100 எக்ஸில், ஃபோகஸ் நுண்திருகை மெல்லத் திருப்பிப் பத்து விநாடி வீடியோ அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லைடையே பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி (பாரஃபின் பிளாக்) உங்களிடமே இருக்கட்டும்.