சோளிங்கர்: முட்டிவலி உள்ள அம்மாவோடு ஒரே நாளில் இரண்டு மலையும் முடியுமா?

மயிலைவாசி:
கார்த்திகையில் அம்மாவை சோளிங்கர் கூட்டிப்போக வேண்டும். வயது 68, இரண்டு முட்டியும் தேய்மானம். ரோப் கார் வந்தாச்சு, கவலையே இல்லை என்கிறான் தம்பி. சென்னையிலிருந்து ரயிலில் போய் இரவுக்குள் திரும்பலாமா?

அரக்கோணத்தான்:
திரும்பலாம். ஆனால் தம்பி சொல்வது பாதிதான் சரி. 2024-இல் வந்த ரோப் கார் பெரிய மலைக்கு மட்டும். யோக நரசிம்மரின் 1305 படி ஏறும் வேலை அதில் மிச்சம், மேலே இறங்கியபின் கொஞ்சம் படி உண்டு. எதிரே சின்ன மலை, யோக ஆஞ்சநேயர். அங்கே 406 படியும் கால் நடைதான். முட்டிவலிக்காரர்களுக்கு ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

கார்த்திகையில் நரசிம்மர் கண் திறப்பதாக ஐதீகம் என்பதால் வெள்ளி, ஞாயிறு கூட்டம் தாங்காது. செவ்வாய், புதன் பாருங்கள். அப்புறம், சோளிங்கர் என்ற பெயரைப் பார்த்து அந்த ஸ்டேஷனில் இறங்கிவிடாதீர்கள். அது பாணாவரத்தில், ஊருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். அரக்கோணத்தில் இறங்கினால் பஸ் சுலபம்.

குரங்குகளுக்குத் தேங்காய்ப்பையின் சத்தமே போதும். போன தடவை ஒரு குரங்கு எனக்கு முன்னால் போன ஒருவரின் துளசி மாலையைப் பிடுங்கி, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளித் தின்றது. கையில் குச்சி இருக்கட்டும், அம்மாவின் கண்ணாடியை பைக்குள் வையுங்கள்.

பானு:
என் மாமியாருக்கும் இதே முட்டிதான். பெரிய மலையை ரோப் காரில் முடித்துவிட்டு, சின்ன மலைக்கு நாங்கள் மட்டும் ஏறினோம். அவர் அடிவாரத்தில் தக்கான் குளத்தருகே உட்கார்ந்துகொண்டார். உற்சவர் பக்தவத்சலப் பெருமாள் ஊருக்குள்ளேயே இருக்கிறார், மலை ஏறாமல் சேவிக்கலாம்.

மயிலைவாசி:
நன்றிங்க. அம்மா குளத்தருகே உட்காரச் சம்மதிக்க மாட்டார், பார்ப்போம். ரோப் கார் ஓடவில்லை என்றால்?

அரக்கோணத்தான்:
காற்று பலமாக இருந்தாலோ பராமரிப்பு வேலை என்றாலோ நிறுத்துவார்கள். முந்தின நாளே கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். ஓடாது என்றால் அன்றைக்கு வராதீர்கள். அம்மா பிடிவாதமாகப் படியேறப் பார்ப்பார்.