வெள்ளத்தில் நின்ற 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: மீண்டும் ஓட்ட எங்கிருந்து தொடங்குவது?

அசோக்நகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் 1969ஆம் ஆண்டு நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, அவர் கார் ஓட்டுவதை நிறுத்திய 2009 முதல் அசோக் நகர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் காரின் தரைத்தகடு வரை தண்ணீர் ஏறி, ஒரு நாளுக்கும் மேல் வடியாமல் இருந்தது. அப்போது உட்புறம் உலர்த்தப்பட்டது. எஞ்சினையோ கியர் பாக்ஸையோ யாரும் திறந்து பார்க்கவில்லை. இப்போது நியூட்ரலில் வைத்துத் தள்ளினாலும் பின்சக்கரங்கள் அசையவில்லை. புதிய பேட்டரி போட்டு, ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றி, கயிறு கட்டி இழுத்தால் கார் கிளம்பிவிடும் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். அவர் சொல்வது சரியா? எந்த வரிசையில் வேலையைத் தொடங்கலாம்?

பழைய ஸ்பானர்:

ஐயா, தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். இத்தனை ஆண்டுகள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கக்கூடும். அந்த நிலையில் கயிற்றின் பலத்தால் அதைத் திருப்பினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும், லேத் பட்டறைச் செலவு வந்து சேரும். சக்கரங்களே சுழலாத காரை இழுப்பதில் பொருளும் இல்லை.

எஞ்சின் சத்தம் கேட்கும் ஆசையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வெள்ளநீர் எங்கெல்லாம் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். கிரௌனிலும் (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியல்) கியர் பாக்ஸிலும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிக்கும் திருகு இல்லையென்றால் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். அது பால் கலந்த காப்பியின் நிறத்தில் வந்தால் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது புதிய ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறுபடியும் வடிக்க வேண்டும். பேரிங்கில் துருச் சத்தம் கேட்டால் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்சக்கரம் பூட்டிக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டியதாகத்தான் இருக்கும், அதிலும் கை பிரேக் போட்டபடி நிறுத்தியிருந்தால் சொல்லவே வேண்டாம். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டிக் கழற்றுங்கள். வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள், பிரேக் ஆயில் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். ஹெரால்டில் ஒரே பிரேக் சர்க்யூட் என்பதால் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் இருக்காது.

எஞ்சினுக்கு வருவோம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட ஸ்பானர் போட்டு மெல்லத் திருப்புங்கள். அசைய மறுத்தால் மேலும் ஊறவிடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். திரும்பிய பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிளக் இல்லாமலேயே செல்ஃப் போட்டு ஆயில் விளக்கு அணையும் வரை சுழற்றுங்கள். பேட்டரி இணைக்கும் முன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம்; அக்காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் உண்டு. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, 0.4 மி.மீ. இடைவெளி வையுங்கள்.

வண்டலூர் ஹெரால்டு:

மேலே நண்பர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டார். முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். அதன் மரைகளுக்குள் நீர் புகுந்து துருப்பிடித்தால், ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வெள்ளத்தில் நின்ற காரில் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் தெருவுக்கு எடுப்பது ஆபத்து. சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளையும் துரு அரித்திருக்கிறதா என்று கூரான கருவியால் குத்திப் பாருங்கள். நம் கடற்காற்று போதாதென்று உங்கள் காருக்கு வெள்ளமும் சேர்ந்திருக்கிறது.

உதிரிபாகங்களுக்குக் கவலை வேண்டாம். தயாரித்த சென்னை நிறுவனம் மூடிவிட்டாலும், இதன் மூல வடிவமான டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிய பாகங்கள் கிடைக்கின்றன; ட்ரனியன், பிரேக் ரப்பர் போன்றவை அங்கிருந்தே வரவழைக்கலாம். பொதுவான பொருள்களுக்குச் சென்னை ஜி.பி. ரோடும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு சலூன் இந்தியாவில் மட்டுமே தயாரானது என்பதால், பின் கதவு போன்ற தகடுகளுக்கு உள்ளூர் டிங்கரை நம்பித்தான் ஆக வேண்டும்.

அசோக்நகர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று கிரௌன் ஆயிலை உறிஞ்சிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன அதே நிறத்தில்தான் வந்தது. டாங்கில் பாதியளவு பழைய பெட்ரோல் இருக்கிறது. புதியதைக் கலந்து பயன்படுத்தலாமா?

பழைய ஸ்பானர்:

கூடாது. அது இப்போது கோந்தாகியிருக்கும். கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும். டிக்கியில் உள்ள டாங்கைக் கழற்றிக் கழுவும் வரை, தனி டப்பாவிலிருந்து பம்புக்குப் பெட்ரோல் கொடுங்கள், அருகில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அக்கால ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதைத் தாங்காமல் ஊறிப் பிளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆர்சி புத்தகம்:

வேலை முடியும் முன்பே ஆவணங்களையும் கவனியுங்கள். ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மெரினாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வழக்கமான முறையில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள், அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஆய்வுக்குப் போகும் முன் சேஸிஸ் எண்ணைத் துருவிலிருந்து சுத்தம் செய்து, தெளிவாகப் படிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.