ரீப்பரில் மிக்ஸ் செய்தால் தரம் குறையுமா?

வணக்கம். மிக்ஸிங் வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நான் ரீப்பர் என்ற ஆடியோ மென்பொருளில்தான் வேலை பார்க்கிறேன். ஒரு குறும்படத்துக்குப் பேசப் போனபோது, மாதிரியைக் கேட்பதற்கு முன்பே, "ப்ரோ டூல்ஸ் இல்லையா? அப்போ சவுண்டு அந்த அளவுக்கு வராதே" என்று சொல்லிவிட்டார் இயக்குநர். ப்ரோ டூல்ஸ் என்பதும் இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்தான்.

சரி, பார்த்துவிடுவோம் என்று நண்பரின் ப்ரோ டூல்ஸில் அதே ட்ராக்குகளை, எஃபெக்ட் எதுவும் போடாமல், அதே லெவலில் வைத்து பவுன்ஸ் செய்தேன், அதாவது ஒரே ஃபைலாக வெளியே எடுத்தேன். இரண்டு வேவ் ஃபைல்களையும் ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றின் போலாரிட்டியை மட்டும் திருப்பினால் (ஒலி அலையின் மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக), இரண்டும் ஒன்றென்றால் சத்தமே வரக்கூடாது. முதலில் கிட்டார் மட்டும் லேசாகக் கேட்டது. காரணம் பேன் லா. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும்போது லெவலை எவ்வளவு மாற்றுவது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. அதைச் சமப்படுத்தியதும் எதுவுமே கேட்கவில்லை.

டைம் ஸ்ட்ரெட்ச் (ஒலியின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது), மென்பொருளோடு கூடவே வரும் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) எல்லாம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்தான். அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

என் கேள்வி வேறு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஸ்டெம்களாக (வசனம், இசை என்று தனித்தனிக் குழுக்களாக எடுத்த ஃபைல்கள்) கொடுத்தால் ஸ்டுடியோக்கள் வாங்கிக்கொள்கின்றனவா, மென்பொருளில் திறக்கும் செஷன் ஃபைலே வேண்டும் என்கின்றனவா? எடிட்டர் தரும் ஏ.ஏ.எஃப். ஃபைலை (எடிட்டை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) ரீப்பருக்குள் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? அப்புறம், வாடிக்கையாளர் கேட்காதவரை மென்பொருள் பெயரைச் சொல்லாமலே இருந்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் பதில் போட்டால் உதவியாக இருக்கும்.